நார்மல் என்று எழுதியிருந்த குழாய்

"இதுல நல்லா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று அக்கா கேட்டாள்.

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஆனால் கேட்ட கேள்விக்கு ஏதாவது சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. "ரெண்டாவது" என்றேன்.

"இப்போ?"

"முன்னாடி இருந்ததுதான் தேவலை."

"டேய் ரேடியோ, நான் லென்ஸை மாத்தவே இல்ல. எல்லாத் தடவையும் ஒரே கண்ணாடிதான்." என் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கனமான சோதனை ஃப்ரேமை அவள் கழற்றினாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. குத்துமதிப்பா அடிச்சு விட்டா, தப்பான கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீதான் தலைவலியோட அலைவ."

ரேடியோ என்பது நான்தான். ஆறு வயது வரை நான் வாயைத் திறக்கவே இல்லையாம். திறந்த பிறகு மூடவே இல்லையாம். ஸ்விட்ச் போடத்தான் தாமதமாயிற்று, போட்டபின் அணைக்க வழியில்லாமல் போயிற்று என்று அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்காவுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. முன்னால் ஃப்ரேம்கள் மாட்டிய சுவர், ஒரு மேசை. திரைக்குப் பின்னால் கண் பார்க்கிற இடம். இடம் போதாததால் எழுத்துப் பலகையைத் தலைக்கு மேல் மாட்டி எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்திருந்தாள். அதற்கும் பின்னால் லென்ஸ் வெட்டும் இயந்திரம். அந்த இயந்திரத்தை ஒட்டிய உயரமான ஸ்டூலில்தான் அவள் மகன் தினமும் மாலையில் உட்கார்ந்திருப்பான். ஐந்து வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. யார் என்ன பேசினாலும் கண்ணை எடுக்காமல் பார்ப்பான், எல்லாத் தரப்பையும் கேட்பான், தீர்ப்பு மட்டும் சொல்லமாட்டான். அதனால் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்தவன் நான்.

நான் ஓர் அளவுக்கு மேல் பேசிவிட்டால் ஜட்ஜ் ஸ்டூலிலிருந்து இறங்கி வருவான். அவசரமே படாமல் உள்ளங்கையால் என் வாயைப் பொத்துவான். லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான் வேலையிலிருந்து வந்து மேலதிகாரியைத் திட்ட ஆரம்பித்தால் அவர் வாய்க்கும் அதே கதிதான். ஒருமுறை கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் வாயையும் பொத்திவிட்டான். அந்த மனிதர் சிரித்துவிட்டார், சண்டை அதோடு போயிற்று.

அக்காவின் வாயை மட்டும் அவன் பொத்தியதில்லை. அதற்குத் தேவை வந்ததில்லை. வாடிக்கையாளரிடம் மூச்சு விடாமல் பேசுகிறவள், மகன் பக்கம் திரும்பினால் சாப்பிடு, தூங்கு, செருப்பைப் போடு என்பதோடு நின்றுவிடுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள், "நீங்க பேசிக்கிட்டே இருக்கணும், என்ன பேசறீங்கன்னு முக்கியமில்ல, வாய் ஓயக்கூடாது" என்று வாராவாரம் சொல்லிப் பார்த்தாள். அக்காவால் முடியவில்லை. ஏன் என்று ஒருநாள் நான் நச்சரித்தபோது சொன்னாள்.

"நீதான ஜட்ஜ்னு பேரு வச்ச. குத்தம் பண்ணவ ஜட்ஜுகிட்ட என்னத்தப் பேசுவா?"

அந்தக் குற்றம் ஒரு மாத்திரை. வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது பல்வலி தாங்காமல், அத்தான் முதுகுவலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரைகளில் ஒன்றை யாரையும் கேட்காமல் விழுங்கிவிட்டாள். அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. சோதனை லென்ஸ்கள் அடுக்கிய பெட்டியில், உடைந்துபோன ஒரு லென்ஸின் காலிப் பள்ளத்தில், அந்த மாத்திரையின் வெற்று அட்டையை மடித்துச் செருகி வைத்திருந்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லென்ஸ் எடுக்கும்போது அது அவள் கண்ணில் படும். பட வேண்டும் என்றுதான் அங்கே வைத்தாள்.

அன்று நான் கடைக்குப் போனது கண் பார்க்க அல்ல, போன இடத்தில் அக்காதான் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். மரபணு டாக்டரிடமிருந்து பையனின் ரத்த முடிவு வந்திருந்தது. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது தாய் வழியாக மகனுக்கு வரும் வகை, ஆனால் அந்த மாற்றத்தின் பொருள் தெளிவாகவில்லை. இவ்வளவுதான் முடிவு. கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரியவில்லை என்று சொல்வதற்கு அவ்வளவு செலவு.

வேடிக்கை என்னவென்றால், அந்த மரபணு செய்யும் காரியம் எனக்குச் சம்பளம் தரும் காரியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர்.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன வேதிக் குறிகளைத்தான் வருஷக்கணக்காகத் தடவிக்கொண்டிருக்கிறோம். கருவில் எந்தச் செல் எப்போது என்னவாக வேண்டும் என்பதிலும், பிறகு சில புற்றுநோய்களிலும் அந்தக் குறிகளுக்குக் கை உண்டு. அதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு லென்ஸை எடுத்து அதன் மேல் மையால் புள்ளி வைத்தாள்.

"இந்தப் புள்ளி எதுக்குக்கா?" என்றேன்.

"கண்மணிக்கு நேரா லென்ஸோட நடு வரணும்ல. புள்ளி வைக்காம வெட்டினா பவரெல்லாம் சரியாத்தான் இருக்கும், நடு தள்ளிப் போயிடும். போட்டவங்களுக்கு எழுத்து தெரியும், ஆனா தலை சுத்தும்."

"அதேதான் உடம்புலயும். மரபணுவப் பார்த்து உடம்பு ஒரு நகல் எழுதும், அதுக்குப் பேரு ஆர்.என்.ஏ. எழுதின அப்புறம் அது மேல அங்கங்க புள்ளி வைக்கறதுக்குன்னே என்சைம் இருக்கு. எழுத்து எதுவும் மாறாது. ஆனா புள்ளி விழுந்தாத்தான் புரதம் கட்டற வேலை சறுக்காம நடக்கும். வயித்துல மூளை வளர்றப்ப அது ரொம்ப முக்கியம். இவனுக்கு மாறியிருக்கறது அப்படிப் புள்ளி வைக்கற ஒரு என்சைமோட மரபணு."

"அப்போ இவனுக்குப் புள்ளி விழலையா?"

"விழுதா இல்லையான்னு பார்த்தாத்தான் தெரியும். எழுத்து மாறினாலும் சில நேரம் வேலை ஒழுங்கா நடக்கும்."

அக்கா லென்ஸைக் கீழே வைத்தாள். பெட்டியில் அந்தக் காலிப் பள்ளம் இருந்த பக்கம் அவள் பார்வை போயிற்று. "விழலன்னு வந்தா, அந்த மாத்திரை இல்லன்னு ஆயிடுமா?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த என்சைமின் சரித்திரத்தையே எடுத்து விட்டேன். ஜட்ஜ் இறங்கி வந்து என் வாயைப் பொத்தினான்.

*

மரபணு டாக்டரே எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பையனின் ரத்தத்தை அனுப்பி வைத்தார். எங்கள் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். சொந்தக்காரரின் ரத்தத்தைச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் இந்தச் சோதனை கைவந்த இன்னொருத்தி, என் பக்கத்து மேசைக்காரி, தன் ஆராய்ச்சிக்கான மீன் முட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மீன் முட்டை யாருக்காகவும் காத்திருக்காது. நான் கெஞ்சிக் கூத்தாடி வேலையை வாங்கிக்கொண்டேன். "முடிவு டாக்டருக்குத்தான் போகணும். உங்க அக்காவுக்கு இல்ல" என்று மேடம் சொன்னார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

சோதனை எளிமையானது. ஆர்.என்.ஏ.வைக் காரக் கரைசலில் போட்டுச் சூடேற்றினால் எழுத்துக்கு எழுத்து உடைந்துபோகும். புள்ளி இருக்கிற இடத்தில் மட்டும் உடையாது. எங்கே உடைந்தது, எங்கே உடையவில்லை என்று பார்த்தால் போதும். ஆனால் அதைத் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆரோக்கியமான ஒருவருடையதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆரோக்கியமான ஒருவரைத் தேடி யார் அலைவது? எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. சட்டைக் கையை மடக்கி நீட்டிவிடுவோம். சோதனை செய்கிறவரின் ரத்தமே சோதனையின் நார்மல். என் ரத்தத்திலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. உறைபெட்டியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குழாயின் மேலும் நார்மல் என்று நானே எழுதியிருப்பேன். எத்தனையோ சோதனைகளில் அதை எடுத்து எடுத்து, உள்ளே இருப்பது ஓர் ஆள் என்பதே மறந்துவிட்டது. உப்பு, சர்க்கரை என்று டப்பாவில் எழுதி வைப்பது மாதிரி எனக்கு அது ஒரு பொருள்.

பையனுடைய ஆர்.என்.ஏ. அந்த இடத்தில் உடைந்திருந்தது. புள்ளி இல்லை. பிறகு பக்கத்து வரியைப் பார்த்தேன். நார்மலும் அதே இடத்தில் உடைந்திருந்தது.

மறுபடி செய்தேன். அதே பதில்தான். ஆரோக்கியமானவர்களுக்கு அந்த இடத்தில் புள்ளி இருக்கும் என்றுதான் நான் படித்திருந்தேன். அதற்கும் ஒரு சமாதானம் கையோடு கிடைத்தது. உடம்பில் இடத்துக்கு இடம் குறிகள் மாறும், ஒருவேளை ரத்தத்தில் இது யாருக்குமே இருக்காது. எப்படியானாலும் பையனும் நார்மலும் ஒன்று. வித்தியாசம் இல்லை என்றால் அந்த எழுத்து மாற்றத்தால் கெடுதலும் இல்லை. என் மருமகனிடம் ஒரு கோளாறும் இல்லை. இந்தச் சந்தோஷத்தைத் தாங்கிக்கொண்டு டாக்டர் வழியாகச் செய்தி போகட்டும் என்று காத்திருக்கிற ஆள் நானில்லை. அன்று மாலையே கடைக்கு ஓடினேன்.

"அக்கா, வித்தியாசமே இல்ல. சாதாரண ஆளுக்கு எப்படியோ அப்படித்தான் இவனுக்கும். காரணம் இது இல்ல."

அவள் கையில் ஒரு லென்ஸ் இருந்தது. புள்ளி வைத்து முடித்திருந்தாள். அதைத் துணியால் துடைத்தாள். திரும்பவும் புள்ளி வைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"இது இல்லையா?"

"இல்லக்கா. நிம்மதியா இரு."

"அப்போ அதுதான்" என்றாள். பெட்டியை மூடிவிட்டு, திரையை விலக்கி, "அடுத்து யாருங்க?" என்று வெளியே குரல் கொடுத்தாள்.

நான் சொன்னதில் எது எங்கே போய்க் குத்தியது என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அப்போதும் முழுதாக உறைக்கவில்லை. மாத்திரை காரணமில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், மரபணுவும் காரணமில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன், இரண்டு நல்ல செய்திகளைக் கூட்டினால் எப்படிக் கெட்ட செய்தியாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை. அத்தான்தான் கூப்பிட்டார். எங்கேயோ ஒரு லிஃப்டின் மோட்டார் அறையில் நின்றுகொண்டு பேசினார். சத்தம் எதிரொலித்தது.

"நீ என்னடா சொன்ன அவகிட்ட?"

"நல்ல செய்திதான் அத்தான் சொன்னேன்."

"உன் நல்ல செய்திய நீயே வச்சுக்கிட்டிருக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு இனிமே வரலன்னு சொல்லிட்டா. முன்னாடி சாப்பிடு, தூங்குன்னாவது பையன்கிட்ட வாயத் திறப்பா. இப்போ அதுவும் இல்ல, எல்லாம் கைஜாடைதான். வீட்டுல ஒரு ஊமைக்கு ரெண்டு ஊமை." அவர் குரல் கம்மியது. "லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கறத விட, உள்ள இருக்கறவங்கள வெளிய எடுக்கறதுதான்டா முதல் வேலை. நீங்கல்லாம் என்ன படிச்சீங்களோ."

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

*

டாக்டருக்கு முடிவை அனுப்புமுன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரி தன் மீன் முட்டைகளை ஓர் ஓரமாக வைத்துவிட்டு என் படங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் புருவம் மேலே போனால் யாருக்கோ வேலை வரப்போகிறது என்று பொருள்.

"இந்த நார்மல் யாரு?"

"நார்மல்தான்."

"அதான், யாருன்னு கேக்கறேன்."

"நான்."

"சாம்பிள் யாரு?"

"எங்க அக்கா பையன்."

அவள் கையுறைகளைக் கழற்றி மேசை மேல் போட்டாள். "உன் அக்கா பையனுக்கு நீ நார்மலா?"

முதலில் அவள் கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு காதுமடல் சூடானது. தாய் வழியாக வரும் எழுத்து. பையனுக்கு அக்காவிடமிருந்து வந்தது. அக்காவுக்கு? எங்கள் அம்மாவிடமிருந்து என்றால், அதே அம்மாவுக்குப் பிறந்த இன்னொருவன் இருக்கிறான். அக்காவிடம் அந்த மரபணுவுக்கு இன்னொரு நல்ல பிரதி உண்டு, எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்கும் பெண்ணுக்கு அந்த வசதி. எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று. இதைப் பாடமாகவே பிள்ளைகளுக்கு நான் எடுத்திருக்கிறேன். குழாயின் மேல் என் கையெழுத்தில் என் பெயரை எழுதியிருந்தால் ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும். நார்மல் என்று எழுதியதால் படவில்லை.

அவள் தன் கையை நீட்டி ரத்தம் எடுத்துக்கொண்டாள். சாமான் அறைப் பொறுப்பாளரையும் கூப்பிட்டு, ஊசி என்றாலே வெளிறிப்போகும் அந்த மனிதரைச் சமாதானப்படுத்தி எடுத்தாள். இந்த முறை சோதனையை அவளே செய்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவளுக்கு அந்த இடம் உடையவில்லை. பொறுப்பாளருக்கும் உடையவில்லை. இருவருக்கும் புள்ளி கச்சிதமாக இருந்தது. பையனுக்கும் எனக்கும் இல்லை. என் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அதே எழுத்து, அதே இடத்தில், அதே மாதிரி மாறியிருந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னோம். அவர் முதலில் கேட்டது, "நம்ம பழைய சோதனையெல்லாத்துலயும் நார்மல் நீதான?" என்றுதான். தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் முகம் அவருக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்னார்.

"அப்போ இந்தப் புள்ளி இல்லாததாலதான் பையன் பேசலையா, மேடம்?"

"உனக்கும்தான் இல்ல. நீ பேசற."

"அப்போ புள்ளி காரணமில்லையா?"

"உனக்கு எப்போ பேச்சு வந்துச்சு?"

"ஆறு வயசுல" என்றேன். சொல்லும்போது, வீட்டுச் சிரிப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தன.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்தேகம் இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுது. அவ்வளவுதான் சொல்லலாம். லேட்டா பேசற பசங்க ஆயிரம் பேரு, ஆயிரம் காரணம். ஒரு வீட்டு ரெண்டு பேர வச்சுக்கிட்டு இதுதான்னு எழுத முடியாது. டாக்டர்கிட்ட நானே பேசறேன். உங்க அக்காகிட்ட தப்ப நீயே போய்ச் சரிபண்ணு. ஆனா தெரிஞ்சத மட்டும் சொல்லு."

தெரிந்தது என்ன? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்து நடந்தேன். எனக்கு இன்றைக்கும் இடது வலது குழம்பும், செருப்பு வாங்கப் போனால் வெட்கமாக இருக்கும். பள்ளியில் வாத்தியார் சொன்னது வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தபிறகுதான் எனக்குப் புரியும். வாய்ப்பாடு ஏழாம் வகுப்பில்தான் வந்தது. இவையெல்லாம் நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது எது நான், எது விழாத புள்ளி? இப்படி ஓயாமல் பேசுகிறேனே, அதில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா? நார்மல் என்று எழுதிய குழாயை எடுத்து எத்தனை பேரின் நோயை அளந்திருக்கிறேன். என்னை அளக்க யாரும் வந்ததில்லை, அதனால் நான் சரியான அளவாக இருந்துவிட்டேன்.

கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

*

கடையில் கூட்டமில்லை. அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. ஜட்ஜ் தன் ஸ்டூலில் இருந்தான், மடியில் லென்ஸ் துடைக்கும் துணி. நான் பேச வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அதைப் பார்த்து அவளுக்கே பயம் வந்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண் பார்க்கும் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"என்னடா? யாருக்கு என்ன?"

"அக்கா, நான் சொன்னது தப்பு."

சொன்னேன். என் வழக்கமான சரித்திரமெல்லாம் இல்லாமல், மேடம் சொன்னபடி தெரிந்ததை மட்டும் சொன்னேன். பையனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த சாதாரண ஆள் நான்தான் என்பதையும், அந்த ஆளுக்கும் புள்ளி விழவில்லை என்பதையும், மற்றவர்களுக்கு விழுந்திருக்கிறது என்பதையும். அவள் எதிர்ச் சுவர் நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கும் இல்லையா?"

"எனக்கும் இல்ல."

"அம்மா உன்னைச் சுமந்தப்ப நான்தான் கூட இருந்தேன். எட்டு வயசு எனக்கு. ஒரு மாத்திரை தொடமாட்டா. ஜுரம் வந்தாக்கூட ஈரத்துணிதான்." அவள் நிலைக்கண்ணாடியை விட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்படியும் நீ பேசல. ஆறு வருஷம் பேசல. அப்போ மாத்திரை இல்ல. புள்ளிதான். அப்படித்தான?"

"அக்கா..."

"ஆமான்னு சொல்லுடா. ஒரு ஆமா. எதுக்கெல்லாமோ வாய் கிழியப் பேசற, இதுக்கு ஒரு ஆமா சொல்ல மாட்டியா?"

எனக்குச் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்து மாறிய இரண்டு பேர், ஒருவன் தாமதமாகப் பேசியவன், ஒருவன் இன்னும் பேசாதவன். அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை. நல்ல செய்தி என்று நினைத்து ஒருமுறை அடித்து விட்டேன், அவள் வாய் அடைத்துப்போயிற்று. இந்த முறையும் அடித்து விட்டால், நாளைக்கு இன்னொருவர் வந்து அதுவும் தப்பு என்றால், இவள் என்ன ஆவாள்?

அவள் என் முன்னால் குனிந்தாள். வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள், குரல்தான் நடுங்கியது. "மாத்திரையா, புள்ளியா? எது தெளிவா தெரியுது, சொல்லு."

"தெரியலக்கா" என்றேன். "புள்ளி பக்கம் கொஞ்சம் சாயுது. ஆனா எனக்குத் தெரியல. எங்க மேடத்துக்கும் தெரியல. இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தாள். குத்துமதிப்பாகச் சொல்கிறேனா, உண்மையாகச் சொல்கிறேனா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியும், அதுதான் அவள் பிழைப்பு.

"யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அப்போ..." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அப்போ என்னாலதான்னும் யாரும் சொல்ல முடியாதுல்ல?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாச் சோதனைகளையும் நான் அவளுக்கு ஒரு பதில் கொண்டுவரத்தான் செய்தேன். பதில் இல்லாமல் போவதே அவளுக்குப் போதும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

"முடியாது" என்றேன். "உன்னாலயும் சொல்ல முடியாது."

அக்கா எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறப்பாள், அந்த அட்டையை எடுத்து எறிவாள் என்று பார்த்தேன். பெட்டியின் பக்கமே போகவில்லை. ஜட்ஜின் ஸ்டூலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "உங்க மாமாவுக்கும் புள்ளி இல்லையாம்" என்று அவனிடம் சொன்னாள்.

அவன் பார்த்தான்.

"உங்க மாமா சின்ன வயசுல எப்படி இருப்பான் தெரியுமா? உன்ன மாதிரியேதான். உர்ருனு உட்கார்ந்திருப்பான். நான் இடுப்புல தூக்கிக்கிட்டு அலைவேன். கடைக்காரர், இவன் உன் தம்பியா மூட்டையான்னு கேப்பாரு. ஒருநாள் என் தலைமுடியப் பிடிச்சு இழுத்துட்டு..." அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மேலே மேலே பேசினாள். என் செருப்பு தொலைந்த கதை, அம்மாவின் ஈரத்துணி, அந்தப் பல்வலி எப்படி வலித்தது, தாங்காமல் சுவரில் எப்படி முட்டிக்கொண்டாள், அப்போது அவன் வயிற்றுக்குள் எவ்வளவு சின்னதாகக் கிடந்தான். ஐந்து வருஷத்துப் பேச்சு முழுதும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. எது முந்தியது எது பிந்தியது என்று எனக்குப் பாதி விளங்கவில்லை. வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து மணியடித்தார். அவள் காதில் விழவில்லை.

ஜட்ஜ் துணியை மடித்து இயந்திரத்தின் மேல் வைத்தான். ஸ்டூலிலிருந்து இறங்கினான். அவசரமே படாமல் அக்காவிடம் போய், உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான்.

அக்காவின் கண்கள் பெரிதாயின. அவள் அந்தக் கையை விலக்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. கைக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரிந்திருக்காது. அவன் இன்னொரு கையையும் எடுத்து அதன் மேல் வைத்தான்.